19 சதவீதத்தில் அணைந்த லேப்டாப்: லினக்ஸ் பவர் செட்டிங்ஸ் பற்றி ஒரு விமர்சனம்

போன சித்திரையில் ஒரு சாயங்காலம் அக்கா பையன் லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். முகமே சரியில்லை. வாலாஜாபாத்தில் அன்றைக்கு மத்தியானம் போன கரண்ட் அப்போதுதான் வந்திருந்தது.

"மாமா, காலையிலேர்ந்து போட்டது எல்லாம் போச்சு. 10 சதவீதம் வந்தா ஷட்டவுன் ஆகணும்னு நான்தான் செட் பண்ணி வெச்சேனே. ஸ்கிரீன்ல 19 காட்டிட்டு இருந்துச்சு. அப்படியே கருப்பாயிடுச்சு."

அவனுக்குப் பட்டுப் புடவை டிசைன் போடும் வேலை. முந்தி, கரை, உடம்பில் வரும் புட்டா எல்லாவற்றையும் கிம்ப்பில் கட்டம் கட்டமாக வரைவான். ஒரு பிக்ஸல் என்றால் பாவும் ஊடையும் சந்திக்கிற ஒரு இடம். முன்பெல்லாம் கிராப் பேப்பரில் வண்ணம் தீட்டிச் செய்த வேலைதான். வரைந்து முடித்த கோப்பைக் காஞ்சிபுரத்துக்கு எடுத்துப் போனால் அங்கே அட்டை குத்திக் கொடுப்பார்கள். அந்த அட்டைகள் ஜக்கார்டு பெட்டியில் ஏறும். ஒரு முந்திக்குப் பல நாள் உட்கார வேண்டும். கிம்ப்பில் தானாகச் சேமிக்கும் வசதி கிடையாது. 2018-ல் வந்த 2.10 பதிப்பிலிருந்து, மென்பொருள் நொறுங்கினால் காப்புப் பிரதி எடுத்து வைக்கும். கரண்டே நின்றுவிட்டால் அதற்கு ஏது நேரம்?

கூடவே வந்த அக்கா வாசலில் நின்றபடியே தீர்ப்பு சொல்லிவிட்டாள். "உன் லினக்ஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்டா. எல்லார் மாதிரி விண்டோஸே போட்டுக் குடு."

அந்த லேப்டாப் என்னுடைய பழையது. லினக்ஸ் போட்டுக் கொடுத்ததும் நான்தான். அதனால் இது என் மானப் பிரச்சினையாகவும் ஆகிவிட்டது. இரண்டு வாரம் ராத்திரியில் உட்கார்ந்து தோண்டினேன். கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன். "இந்த வரியை மாற்றினால் சரியாகிவிடும்" என்கிற வகைக் குறிப்பு இல்லை இது. லினக்ஸ் டெஸ்க்டாப்பின் பவர் செட்டிங்ஸ் பக்கத்தை, ஒரு புத்தகத்தை விமர்சிப்பதுபோல் வாசித்துப் பார்க்கும் முயற்சி. அந்தப் பக்கம் என்ன வாக்குறுதி கொடுக்கிறது, அதை யார் காப்பாற்ற வேண்டும், காப்பாற்றாதபோது யார் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

சதவீதம் என்பது ஒரு ஊகம்

முதலில் பேட்டரி. லினக்ஸில் ஒரு நல்ல விஷயம், கர்னல் எதையும் மறைப்பதில்லை. சிஸ் என்ற அடைவுக்குள் பவர் சப்ளை பகுதியில் போய்ப் பார்த்தால், பேட்டரி செய்யப்பட்டபோது எவ்வளவு கொள்ளும், இன்றைக்கு எவ்வளவு கொள்ளும் என்று இரண்டு எண்ணும் தனித்தனியாக இருக்கும். இவனுடையதில் முதல் எண் 48 வாட்-மணி, இரண்டாவது 22. பாதிக்கும் கீழே. திரையில் '100 சதவீதம்' என்று வருவது இந்த 22-ஐ வைத்துத்தான்.

பிறகு நாலு வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். நிமிடத்துக்கு ஒருமுறை சதவீதத்தையும் வோல்டேஜையும் ஒரு கோப்பில் எழுதி, உடனே டிஸ்க்கில் பதித்துவிடும். இல்லையென்றால் கடைசி வரி நமக்குக் கிடைக்காது. சார்ஜரைக் கழற்றிவிட்டுச் சாகிறவரை ஓடவிட்டேன். மூன்று முறை. ஒருமுறை 19-ல் அணைந்தது, ஒருமுறை 17-ல், ஒருமுறை 21-ல். 40 சதவீதத்தில் 11 வோல்ட், 22-ல் 10.6 வோல்ட் என்று மெதுவாக இறங்கி வந்தது, கடைசி வரியில் 9.4 என்று நிற்கிறது. அதற்குப் பிறகு கோப்பில் ஒன்றும் இல்லை.

காரணம் தெரிந்ததுதான். லேப்டாப் பேட்டரி என்பது வரிசையாகக் கோத்த சில செல்கள். அதில் ஒன்று மட்டும் நலிந்துபோனால்கூட, அது முதலில் தரையைத் தொட்டதும் பாதுகாப்புச் சுற்று மொத்தப் பேட்டரியையும் துண்டித்துவிடும். மற்ற செல்களில் மிச்சம் இருப்பது கணக்கில் இருக்கும், கைக்கு வராது. வயதாக ஆகச் செல்லின் உள்தடையும் கூடும். கிம்ப்பில் பெரிய கோப்பைத் திருப்பும்போது மின்னோட்டம் கொஞ்சம் அதிகமாக இழுக்கும், அந்த இழுப்பிலேயே வோல்டேஜ் சரியும். இன்னொன்று, சதவீதத்தைச் சொல்லும் சில்லு தண்ணீர்த் தொட்டி மாதிரி மட்டத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று எண்ணிக் கழித்துச் சொல்கிறது. எப்போதும் சார்ஜரிலேயே கிடக்கும் லேப்டாப்பில் அந்தக் கணக்கைச் சரிபார்க்க அதற்கு வாய்ப்பே வருவதில்லை.

லித்தியம் பேட்டரியைச் சீக்கிரம் கிழவனாக்குவது இரண்டு: சூடு, எப்போதும் முழு சார்ஜில் இருப்பது. நம்ம ஊர்க் கோடையில் ஓட்டு வீட்டில், நாள் முழுக்கச் சார்ஜரில் மாட்டிய லேப்டாப்புக்கு இரண்டும் சேர்ந்தே கிடைக்கிறது.

பள்ளத்துக்கு அப்பால் நின்ற இரண்டு காவலாளிகள்

இப்போது செட்டிங்ஸ் பக்கத்துக்கு வருவோம். அவன் வைத்திருந்தது எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். அதன் பவர் மேனேஜரில் 'கிரிட்டிக்கல் அளவு 10 சதவீதம், வந்தால் ஷட்டவுன்' என்று சரியாகத்தான் வைத்திருந்தான். அவன் மேல் ஒரு தப்பும் கிடையாது.

அதற்கும் அடியில் யூபவர் என்று இன்னொன்று ஓடுகிறது. க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ எல்லாமே பேட்டரி விவரத்தை இதனிடம்தான் கேட்டு வாங்குகின்றன. யூபவருக்கென்று தனியாக ஒரு கோப்பு, தனியாக ஒரு கொள்கை: பேட்டரி 2 சதவீதத்துக்கு வந்தால் ஹைபிரிட் ஸ்லீப், அது முடியாவிட்டால் ஹைபர்னேட், அதுவும் முடியாவிட்டால் பவர் ஆஃப்.

ஆக இரண்டு காவலாளிகள். ஒருவர் 10-ல் நிற்கிறார், இன்னொருவர் 2-ல். பள்ளமோ 19-ல் இருக்கிறது. இருவரும் தங்கள் இடத்தில் ஒழுங்காகத்தான் நின்றிருக்கிறார்கள்.

என் முதல் குறை இதுதான். பேட்டரி பாதிக்கும் கீழே தேய்ந்துவிட்டது என்பது யூபவருக்குத் தெரியும். அதுவே கணக்குப் போட்டு 'கெபாசிட்டி' என்று ஒரு எண்ணைச் சொல்கிறது. கேடிஇயின் பேட்டரி ஐகானைத் தட்டினால் 'பேட்டரி ஆரோக்கியம்' என்று அதைக் காட்டவும் செய்யும். ஆனால் எப்போது தூங்கப் போவது என்று முடிவெடுக்கும் இடத்தில் அந்த எண்ணை யாரும் கேட்பதில்லை. புதுப் பேட்டரிக்கும் 2, ஆறு வருஷக் கிழட்டுப் பேட்டரிக்கும் 2. தெரிந்த உண்மையைத் திரையில் காட்டிவிட்டு, முடிவு எடுக்கும்போது அதை மறந்துவிடுகிற வடிவமைப்பு இது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். விண்டோஸ் இருந்திருந்தாலும் அன்றைக்கு அந்த வேலை போயிருக்கும். அங்கேயும் கிரிட்டிக்கல் அளவு சில சதவீதத்தில்தான் வைக்கப்பட்டிருக்கும். அக்காவிடம் இதைச் சொன்னேன். "அப்ப ரெண்டும் ஒண்ணுதானே, தெரிஞ்சதையே போடு" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மூடிக்கு முதலாளி யார்?

தோண்டும்போது இன்னொரு பழைய புகாரும் நினைவுக்கு வந்தது. "சில நாள் மூடி வெச்சுட்டுப் பையில போட்டா, எடுக்கும்போது கொதிக்குது மாமா. சில நாள் ஒண்ணும் இல்ல" என்று அவன் முன்பே ஒருமுறை சொல்லியிருந்தான். அப்போது நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

லினக்ஸில் மூடியை மூடினால் என்ன செய்வது என்பதற்கு அடிப்படைப் பொறுப்பாளி லாகின்டி, அதாவது சிஸ்டம்டியின் ஒரு பகுதி. அதன் இயல்பு, மூடினால் தூங்கு. ஆனால் நீங்கள் உள்ளே நுழைந்ததும் டெஸ்க்டாப்பின் பவர் மேனேஜர் வந்து லாகின்டியிடம் ஒரு சீட்டு கொடுத்துவிடும். இன்ஹிபிட்டர் என்று அதற்குப் பெயர். "மூடி விஷயத்தில் நீ தலையிடாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பது அதன் சாரம். அதற்குப் பிறகு மூடி டெஸ்க்டாப்பின் பொறுப்பு. நீங்கள் லாக் அவுட் செய்ததும் சீட்டு காலாவதி. மூடி மறுபடி லாகின்டியிடம் போய்விடும்.

இந்த லேப்டாப் என்னிடம் இருந்த காலத்தில், மூடியை மூடி வைத்துப் பெரிய மானிட்டரில் வேலை செய்ய வேண்டும் என்று லாகின்டியின் கோப்பில் 'மூடினால் சும்மா இரு' என்று நானே எழுதி வைத்திருந்தேன். கொடுக்கும்போது மறந்துபோனேன். அவன் தன் கணக்கில் இருக்கும்போது மூடினால் எக்ஸ்எஃப்சிஇ ஒழுங்காகத் தூங்க வைத்தது. அவன் தங்கை தன் கணக்கில் பாடம் படித்துவிட்டு லாக் அவுட் செய்து மூடினால், லாகின்டி என் பழைய கட்டளைப்படி சும்மா இருந்தது. பைக்குள் லேப்டாப் விழித்தபடியே வெந்தது. பேட்டரி கிழடானதில் என் பங்கும் உண்டு என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

தப்பு என்னுடையதுதான். ஆனாலும் கேட்கிறேன். அவன் திறந்து பார்த்த செட்டிங்ஸ் பக்கம் 'மூடினால்: சஸ்பெண்ட்' என்று மட்டும்தான் சொன்னது. 'நீ லாகின் ஆகியிருக்கும்வரை' என்ற பாதி வாக்கியம் அதில் இல்லை. சொல்லாமல் விட்ட அந்தப் பாதியில்தான் பிரச்சினையே இருந்தது.

காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவை தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். உடம்புக்கு ஒரு நிறம், இரண்டு கரைக்கும் வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும், அதனால் தறியில் நெசவாளியோடு பக்கத்தில் இன்னொரு ஆளும் உட்கார்வார். எந்த நாடாவை யார் எப்போது தள்ளுவது என்பது இருவருக்கும் தெரியும். தறியைப் பார்க்கிற நமக்கும் தெரியும், இரண்டு பேர் கண் முன்னே உட்கார்ந்திருக்கிறார்கள். லினக்ஸின் மூடிக்கும் இரண்டு ஆள். ஆனால் திரையில் தெரிவது ஒரே ஆள்.

ஏன் இப்படி ஆனது?

இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. 1992-ல் வந்த ஏபிஎம் முறையில் பயாஸ்தான் எல்லாவற்றையும் முடிவு செய்தது. முதலாளி ஒருவர்தான், ஆனால் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ஒன்றும் தெரியாது. 1996-ல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற தரத்தை வெளியிட்டன. முடிவெடுக்கும் அதிகாரம் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு வந்தது. விண்டோஸில் அது ஒரே கம்பெனியின் கைக்குள் போனது. லினக்ஸில் 'ஆபரேட்டிங் சிஸ்டம்' என்று ஒரு ஆள் கிடையாதே. கர்னல் ஒரு குழு, சிஸ்டம்டி ஒரு குழு, யூபவர் ஒரு குழு, டெஸ்க்டாப் ஒவ்வொன்றும் ஒரு குழு. லாகின் திரையிலும் மூடி வேலை செய்ய வேண்டும் என்பதால் லாகின்டிக்கு அந்தப் பொறுப்பு தேவை. பயனருடைய விருப்பம் டெஸ்க்டாப்புக்குத்தான் தெரியும் என்பதால் அதற்கும் தேவை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லோர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

இந்தக் குழுக்கள் சும்மா இருந்ததும் இல்லை. 2007-ல் இன்டெல் வெளியிட்ட பவர்டாப், எந்தப் புரோகிராம் பிராசஸரைத் தூங்கவிடாமல் எழுப்புகிறது என்று காட்டிக் கொடுத்தது. பேட்டரியை முழுக்க நிரப்பாமல் 80-ல் நிறுத்தும் வசதி கேடிஇ பிளாஸ்மா 5.20-ல், 2020-ல், செட்டிங்ஸ் பக்கத்துக்கே வந்தது. க்னோமில் 2025 மார்ச்சில் வந்த 48-ம் பதிப்பில் வந்தது. நல்ல வசதிதான், லேப்டாப் அதற்கு இடம் கொடுத்தால். கரண்ட் போகிற ஊரில் அதற்கு ஒரு விலையும் உண்டு: 80-ல் நிறுத்தினால் பேட்டரி ரொம்ப நாள் வரும், ஆனால் அன்றைக்குக் கரண்ட் போனால் கையில் இருப்பது 80-தான்.

என் இரண்டாவது குறை, இந்த அமைப்புகள் சண்டை போடாமல் மௌனமாக ஒப்புக்கொள்கின்றன என்பது. யூபவரின் கோப்பில் எச்சரிக்கை, கிரிட்டிக்கல், செயல் என்று மூன்று சதவீதங்கள் உண்டு. அவை இறங்குவரிசையில் இருக்க வேண்டும். நான் முதலில் செயலுக்கான அளவை மட்டும் 25 என்று மாற்றினேன். மற்ற இரண்டும் அதைவிடக் குறைவாக இருந்தன. யூபவர் என்ன செய்தது தெரியுமா? மூன்றையும் தள்ளிவிட்டு, தன் பழைய எண்களுக்கே போய்விட்டது. செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கோப்பின் உள்ளேயே குறிப்பாக இதை எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். நான்தான் அவசரத்தில் படிக்கவில்லை. ஆனால் கோப்பின் குறிப்பைப் படிக்கிறவனுக்கு மட்டும் தெரியும் உண்மை, முந்தி வரைகிறவனுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

'ஹைபிரிட் ஸ்லீப்' என்ற சொல்லிலும் இதே கதை. அது நடக்க, மெமரியில் இருப்பதை எழுதி வைக்க டிஸ்க்கில் போதுமான ஸ்வாப் இடம் வேண்டும். இவனுக்கு மெமரி 8 ஜிபி, ஸ்வாப் 2 ஜிபி. கோப்பில் எழுதியிருப்பது ஹைபிரிட் ஸ்லீப், நடக்கப்போவது பவர் ஆஃப். உபுண்டு 2012-ல் வந்த 12.04-லிருந்தே ஹைபர்னேட்டை மெனுவிலிருந்து எடுத்துவிட்டது. செக்யூர் பூட் போட்டிருந்தால் பல டிஸ்ட்ரோக்களின் கர்னல் ஹைபர்னேட்டை அனுமதிப்பதில்லை. அப்படியானால் "இந்த மெஷினில் கடைசி நேரத்தில் உங்கள் வேலை சேமிக்கப்படாது" என்று ஒரு வரி அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டாமா? நான் பயன்படுத்திய எந்த டெஸ்க்டாப்பிலும் அப்படி ஒரு வரியைப் பார்த்ததில்லை.

கடைசியில் செய்தது

ஸ்வாப்பைப் பெரிதாக்கி ஹைபர்னேட் வேலை செய்கிறதா என்று அவன் கண் முன்னாலேயே ஐந்து முறை சோதித்தேன். கிம்ப்பில் சேமிக்காத கோப்பைத் திறந்து வைத்து, ஹைபர்னேட் செய்து, மறுபடி போட்டால் அப்படியே வந்தது. யூபவரில் மூன்று எண்களையும் 40, 30, 25 என்று வைத்து, செயலை ஹைபர்னேட் ஆக்கினேன். எக்ஸ்எஃப்சிஇயின் கிரிட்டிக்கல் நடவடிக்கையை 'ஒன்றும் செய்யாதே' என்று மாற்றினேன். இனி அந்த வேலைக்கு ஒரே ஆள்தான். லாகின்டியில் என் பழைய வரியை நீக்கினேன். எல்லாவற்றையும் ஒரு தாளில் தமிழில் எழுதி, தேதி போட்டு, லேப்டாப்பின் அடியில் ஒட்டிவிட்டேன். அடுத்து அதைத் திறக்கப்போகிறவன் நானாகவே இருந்தாலும், எனக்கு நினைவிருக்காது.

உங்களிடம் பழைய லேப்டாப் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து பாருங்கள். வேலையை எல்லாம் சேமித்துவிட்டு, சார்ஜரைக் கழற்றி, எந்த எண்ணில் சாகிறது என்று பாருங்கள். அந்த எண்ணுக்கு மேலே ஐந்தாறு விட்டு உங்கள் காவலாளியை நிறுத்துங்கள். சிஸ்டம்டி-இன்ஹிபிட் என்ற கட்டளையைப் பட்டியல் காட்டச் சொன்னால், இந்த நிமிடம் மூடிக்கு யார் சீட்டு போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். செட்டிங்ஸ் பக்கம் காட்டியிருக்க வேண்டியது அந்தப் பட்டியலைத்தான்.

இதை ஒரு லேப்டாப்பின் கதையாக நினைத்து எழுதவில்லை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. ஐம்பது லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். அவற்றில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. அக்கா பையன் லினக்ஸை முதலில் பார்த்ததே ப்ளஸ் டூவில் கிடைத்த அந்த லேப்டாப்பில்தான். 2012-ல் சென்னைக்கு வெளியே பாதி நாள் கரண்ட் இல்லாதபோது அவன் அந்தப் பேட்டரியில்தான் படித்தான். 2025 பட்ஜெட்டில் மறுபடி 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்திருக்கிறார்கள். இந்த மெஷின்கள் கொடுத்தவுடன் தூக்கிப் போடப்படுவதில்லை. அண்ணனிடமிருந்து தங்கைக்கு, மாமனிடமிருந்து மருமகனுக்கு என்று கை மாறும். பேட்டரி பாதியாகத் தேய்ந்த பிறகுதான் அவற்றின் இரண்டாவது ஆயுள் தொடங்குகிறது. நம் டெஸ்க்டாப்களின் இயல்பு எண்களோ இன்னும் கடையிலிருந்து வந்த முதல் நாளிலேயே நிற்கின்றன.

போன மாதம் மறுபடி கரண்ட் போனது. அக்கா வீட்டுப் பக்கம் போனபோது லேப்டாப் திரை கருப்பாக இருந்தது. அவன் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தான். "25-ல தூங்கிடுச்சு மாமா, வந்தா எழுப்பிக்கலாம்" என்றான். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. விண்டோஸ் பற்றியும் பேசவில்லை.